தங்கையின் இத்தாலியக் கொப்பி

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் திகதி மாலை ஆறு மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தபோது, வெள்ளவத்தையில் உள்ள எனது தொடர்மாடி வீட்டில் நான் தனியாக இருந்தேன். உறவினர் ஒருவரின் அந்தியேட்டிக் கிரியைக்கென மனைவி மகளையும் அழைத்துக்கொண்டு அதற்கு நான்கு தினங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணம் சென்றிருந்தார். மூன்று நாளில் திரும்புவதாகச் சொல்லிப் போனவர்கள் இரண்டு மாதங்களுக்கு மேல் அங்கேயே தங்க நேர்ந்தது.

ஐம்பது வயதைக் கடந்தவன் நான். முப்பது வருடங்களாகப் பத்திரிகைத் தொழிலில் இருக்கின்றேன். போர்முனைக்கும் போயிருக்கின்றேன், பொலிஸ் நிலையத்தில் விசாரணைக்காகக் காத்தும் இருந்திருக்கின்றேன். ஆனால் சலவை இயந்திரத்தின் எந்தப் பொத்தானை முதலில் அழுத்துவது என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்து ஆண்மகன் என்று பெருமை பேசுபவர்களில் பலருடைய நிலைமை இதுதான் என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த நாட்களில் தினமும் இரவு வைபரில் அழைத்தவள் என் தங்கை. அவள் இருப்பது இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகரில். அந்நாட்டில் அம்மாதம் 9ஆம் திகதியே நாடளாவிய முடக்கம் அறிவிக்கப்பட்டிருந்தது. "அண்ணை, சாப்பிட்டியளோ? உடுப்புத் தோய்ச்சியளோ?" என்றுதான் தொடங்குவாள். வெள்ளை உடுப்பையும் நிற உடுப்பையும் சேர்த்துப் போடக்கூடாது என்பதைக்கூட அவளிடம்தான் கற்றேன். ஒருநாள், "நான் அங்கை விட்டிட்டு வந்த கொப்பி கிடக்கோ? அதிலை எல்லாம் எழுதி வைச்சிருக்கிறன்" என்றாள்.

கொப்பி கிடந்தது. 2018இல் நல்லூர்த் திருவிழாவுக்காக வந்திருந்தபோது என் மகளுக்குக் காட்டவென்று கொண்டுவந்து, புத்தக அலுமாரியில் விட்டுச் சென்றிருந்தாள். எண்பது பக்க அப்பியாசக் கொப்பி. மட்டை கழன்று, ஊசிநூலால் தைக்கப்பட்டிருந்தது. அதுவரையில் நான் அதைத் திறந்து பார்த்ததில்லை.

இத்தாலியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, எதிரே பொருளையும் எழுதியிருந்தாள். ஆங்கில எழுத்துகளின் துணையை நாடவில்லை. "லாவா - கழுவு. ஸ்தீரா - அயன் பண்ணு. ஆப்ரி - திற. கியூதி - பூட்டு. ப்ரெந்தி - எடு. மெத்தி - வை." இவ்வாறே பக்கம் பக்கமாகப் போகிறது. இதை வாசிப்போரில் இத்தாலியில் வாழ்பவர்கள் உச்சரிப்பில் உள்ள குறைகளைப் பொறுத்தருள்க. அவை என்னுடையவை, அவளுடையவை அல்ல. அது ஏன் என்று பின்னர் சொல்கின்றேன்.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் செம்மணி வெளியைக் கடந்து தென்மராட்சிக்குப் போனபோது அவளும் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். நான் கொழும்பில் இருந்தேன். 1998இல் அவளுக்குத் திருமணம் பேசப்பட்டது. மாப்பிள்ளை எங்கள் அயலூர்க்காரர், அப்போது பலேர்மோவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர். 1980களின் பிற்பகுதியிலிருந்தே எங்களவர்கள் அந்நகரில் குடியேறத் தொடங்கியிருந்தார்கள். இலங்கையர் என்றால் வீட்டு வேலைக்கு நம்பிக்கையானவர்கள் என்ற பெயர் அங்கே இருந்தது. உயர்தரத்தில் நான்கு பாடங்களிலும் சித்தியடைந்திருந்த என் தங்கை, 1999இல் ஒரு மூதாட்டியின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். அம்மூதாட்டியை அவள் 'சிஞ்ஞோரா' என்றே குறிப்பிடுவாள். நானும் அப்படியே குறிப்பிடுகின்றேன்.

வென்னப்புவையில் இத்தாலி செல்வதற்கென்றே மொழி வகுப்புகள் நடப்பதை நான் கண்டிருக்கின்றேன். நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரையிலான கரையோரத்துச் சிங்களக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இத்தாலிக்கு ஆளனுப்பாத வீடு குறைவு. அவ்வூரைச் 'சின்ன இத்தாலி' என்றே அழைப்பார்கள். ஒரு கட்டுரைக்காகச் சென்றிருந்த வேளையில், இளம் பெண்கள் வரிசையாக அமர்ந்து "இயோ லாவோ, தூ லாவி, லெய் லாவா" என்று ஒப்புவித்துக்கொண்டிருந்தார்கள். நான் கழுவுகிறேன், நீ கழுவுகிறாய், அவள் கழுவுகிறாள். தன்மையில் தொடங்கி, முறையாகப் படர்க்கைக்குப் போகும் பாடம்.

என் தங்கைக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அவளுடைய கொப்பியில் தன்மை இல்லை. முதல் ஐம்பது பக்கங்களுக்கு மேல் 'நான்' என்று ஒரு வாக்கியம்கூடக் கிடையாது. எல்லாம் ஏவல். அவளுடைய காதில் விழுந்தது அதுதானே. கழுவு, துடை, கூட்டு, மடி, காயப்போடு, கொண்டுவா, கவனம், கெதியாய்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவன் என்ற முறையில் எனக்கு அந்த ஏவல்களில் சுவாரசியம் பிறந்தது. ஊரடங்கில் வேறு வேலையும் அதிகம் இருக்கவில்லை. இணையத்தில் இத்தாலிய அகராதி ஒன்றையும் இலக்கணப் பாடங்களையும் தேடி எடுத்து வைத்துக்கொண்டு கொப்பியைப் படிக்கத் தொடங்கினேன். பீங்கான் கழுவும்போது "லாவா", கூட்டும்போது "ஸ்பாட்சா" என்று சொல்லிக்கொண்டே கழுவினேன், கூட்டினேன். எனக்கு நானே ஏவல் இட்டுக்கொண்டேன் எனலாம். கைவேலையோடு சேர்த்துக் கற்ற சொல் மறப்பதில்லை. மேசையில் இருந்து பாடமாக்கிய சொற்களில் பாதி அடுத்த நாளே போய்விட்டன.

கொப்பியின் ஆறாம் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. "லாவா - அவ எனக்கு. லாவி - நான் அவவுக்கு. மெத்தி - அவ எனக்கு. மெத்தா - நான் அவவுக்கு." இலக்கணப் பாடத்தைப் பார்த்த பிறகே அதன் நுட்பம் விளங்கிற்று. இத்தாலிய மொழியில் முன்னிலை ஒருமைக்கு இரண்டு வழக்குகள். நெருங்கியவர்களையும் சிறுவர்களையும் 'தூ' என்பார்கள். மரியாதைக்குரியவர்களை 'லெய்' என்பார்கள். நம்முடைய நீ, நீங்கள் போன்றதே. ஆனால் ஏவலில் ஒரு விநோதம் உண்டு. 'லாவாரே' வகையைச் சேர்ந்த வினைகளில் 'ஆ' என்று முடிந்தால் நீ, 'இ' என்று முடிந்தால் நீங்கள். ஏனைய வகைகளில் இது தலைகீழாகிவிடும். 'இ' என்று முடிந்தால் நீ, 'ஆ' என்று முடிந்தால் நீங்கள். ஓர் உயிரெழுத்து இடம் மாறினால் மரியாதை போய்விடும். இதை எவரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சிஞ்ஞோராவின் வீட்டுக்கு வரும் பாதிரியாரிடம் சிஞ்ஞோரா எவ்வாறு பேசுகிறார், தன்னிடம் எவ்வாறு பேசுகிறார் என்பதைக் காதால் கேட்டுக் கேட்டுப் பிரித்து எழுதியிருக்கின்றாள்.

"முதல் நாள் என்னைப் பாத்துத் 'தூ' எண்டு சொன்னவ. நான் துப்புறா எண்டெல்லோ நினைச்சன்" என்றாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் சொன்னாள்: "துப்பினாலும் அண்டைக்கு நிண்டிருப்பன் அண்ணை."

'லெய்' என்ற சொல்லுக்கு 'அவள்' என்றும் பொருள் உண்டு. ஒரு முறை மருத்துவர் ஒருவர் அவளைப் பார்த்து மரியாதையாக 'லெய்' என்று விளிக்க, வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்கிறார் என்று எண்ணித் திரும்பிப் பார்த்தாளாம். அதுவரையில் அந்தச் சொல்லால் அவளை எவரும் விளித்ததில்லை.

இந்த மரியாதை ஏவல் உண்மையில் ஏவல் அன்று. நம்முடைய வியங்கோளுக்கு நெருங்கியது. விருப்பத்தையும் வேண்டுதலையும் சொல்லும் வினைவடிவத்தை எடுத்து, மரியாதைக் கட்டளைக்குப் பயன்படுத்துகிறார்கள். வருக, அமர்க, உண்க என்று நாம் சொல்வதைப் போல. 'வீவா' என்று அவர்கள் முழங்குவதும் அதே வடிவம்தான். நாம் 'வாழ்க' என்கிறோம். க, இய, இயர் என்று நன்னூலில் வியங்கோள் விகுதிகளை மனனம் செய்த காலத்தில், அது பலேர்மோவில் ஒரு குசினியில் என் தங்கைக்குத் தேவைப்படும் என்று நான் நினைத்திருக்க நியாயமில்லை.

குசினி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கொப்பியில் சில சொற்களுக்கு எதிரே பொருள் எழுதாமல் 'எங்கடை சொல்' என்று மாத்திரம் குறித்திருந்தாள். குச்சீனா, எங்கள் குசினி. பானே, பாண். கியாவே, சாவி. அர்மாதியோ, அலுமாரி. பிஸ்கொத்தோ, விசுக்கோத்து. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள் இவை. போர்த்துக்கேய மொழியும் இத்தாலிய மொழியும் இலத்தீன் வழி வந்தவை ஆதலால் இந்த உறவு. கவனித்துப் பார்த்தால் அவர்களிடமிருந்து நமக்கு வந்தவற்றில் பெரும்பகுதி வீட்டுச் சாமான்களின் பெயர்களே. அக்காலத்தில் பறங்கியர் வீட்டுக் குசினிகளில் ஏவல் கேட்டு நின்ற நம்மவர்களும் இப்படித்தான் கற்றிருப்பார்களோ என்று எண்ணினேன். அவர்களிடம் கொப்பி இருந்திருக்காது.

இந்த உறவை நம்பி அவள் ஏமாந்ததும் உண்டு. சிஞ்ஞோராவின் மகள் ஒரு விருந்து நாளில் 'தொவால்யா' கொண்டுவரும்படி சொல்ல, துவாயைத்தான் கேட்கிறாள் என்று குளியலறையிலிருந்து ஒரு துவாயை எடுத்துக்கொண்டு விருந்தினர் நடுவே போய் நின்றிருக்கின்றாள். தொவால்யா என்பது மேசைவிரிப்பு. தண்ணீர்க் குழாயில் இத்தாலிய எழுத்தில் 'சி' என்று போட்டிருந்தால் அது சுடுநீர். 'கால்தோ' என்றால் சூடு. நாம் படித்த ஆங்கிலத்தின்படி அதைக் குளிர்நீர் என்று கருதிக் கம்பளிச் சட்டையை நனைத்தாள். சட்டை குழந்தைச் சட்டையாகச் சுருங்கிவிட்டது. அந்த மாதச் சம்பளத்தில் அதன் விலை கழிக்கப்பட்டது. அம்மாதமும் வழமைபோல அம்மாவுக்குப் பணம் வந்தது. எதைக் குறைத்து அனுப்பினாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவுமில்லை.

கொப்பியின் பதினான்காம் பக்கத்தில் வேறு எதுவும் இல்லாமல், சிவப்புப் பேனையால் பெரிதாக ஒரே ஒரு வரி. "நொன் மெஸ்கொலாரே." அதற்குக் கீழே மூன்று கோடுகள். பொருள் எழுதப்படவில்லை. அதைப் பற்றிக் கேட்டபோது சிறிது நேரம் மௌனமாக இருந்தாள்.

வேலைக்குச் சேர்ந்து நான்காம் மாதம். சிஞ்ஞோரா பூசைக்குப் போயிருந்தார். குளியலறையில் சுண்ணாம்புக் கறை போகவில்லை. 'ஆச்சிதோ முரியாத்திக்கோ' என்ற அமிலத்தை முதலில் ஊற்றினாள். கறை முற்றாகப் போகவில்லை என்றதும் 'கந்தெஜ்ஜீனா' என்ற வெளிற்றும் திரவத்தை எடுத்தாள். எதையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டே செய்வது அவளுடைய வழக்கம். போத்தலில் "நொன் மெஸ்கொலாரே" என்று இருந்தது. 'நொன்' என்றால் வேண்டாம். 'மெஸ்கொலா' என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்த சொல். தக்காளிக் குழம்பு அடுப்பில் இருக்கும்போது சிஞ்ஞோரா நாளுக்குப் பத்துத் தரம் சொல்வது. கொப்பியில் "மெஸ்கொலா - துழாவு" என்று எழுதியும் வைத்திருந்தாள். ஆகவே, துழாவக்கூடாது என்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டாள். துழாவாமல், மெதுவாக, அமிலத்தின் மேல் ஊற்றினாள்.

அந்தச் சொல்லுக்குக் கலத்தல் என்ற பொருளும் உண்டு. அமிலமும் வெளிற்றும் திரவமும் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும். முதலாம் உலகப் போரில் படைவீரர்கள்மீது ஏவப்பட்ட அதே வாயு. சன்னல் இல்லாத சிறிய குளியலறை அது. கண் எரிந்து, மூச்சு அடைத்து, சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்து பல்கனிக் கம்பியைப் பிடித்தபடி அரை மணித்தியாலம் நின்றாளாம். கணவனுக்குக்கூட அன்றிரவு சொல்லவில்லை. சொன்னால் வேலைக்குப் போகவேண்டாம் என்று மறித்துவிடுவார் என்ற பயம்.

அந்தக் கிழமை அவளிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்க வேண்டும். பழைய கடிதங்களைத் தேடிப் பார்த்தேன். 1999 யூன் மாதக் கடிதத்தில், "வேலை சுகம் அண்ணை. வீட்டு வேலைதானே. தெரிஞ்ச வேலைதான்" என்று இருக்கிறது. வெள்ளவத்தையில் நான் வாடகை வீடு எடுத்தபோது கட்டிய முற்பணம் அந்த ஆண்டில் அவள் அனுப்பிய லீராவில்தான். யாரைக் கண்டாலும் எங்கே, எப்போது, எப்படி என்று கேட்பதைப் பிழைப்பாகக் கொண்ட நான், அவளிடம் இருபது வருடங்களாக ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை.

சிஞ்ஞோரா பூசையிலிருந்து திரும்பியதும் மணத்தைக் கொண்டே விடயத்தை அறிந்துகொண்டார். ஏசவில்லை. அலுமாரியில் இருந்த போத்தல்கள் அனைத்தையும் மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் சுட்டுத்துண்டையும் உரத்து வாசித்து, அபிநயம் பிடித்து விளக்கியிருக்கின்றார். இரண்டு மணித்தியாலங்கள். "அண்டைக்குத்தான் எனக்கு முதல் வகுப்பு" என்கிறாள். அந்த வகுப்பில் அவள் கண்டுபிடித்த ஓர் இலக்கண விதி கொப்பியில் இருக்கிறது. 'நீ' என்பவரிடம் ஒன்றைச் செய்யாதே என்று சொல்வதற்கு இத்தாலியர் 'நொன்' என்பதோடு வினையின் பெயர் வடிவத்தை அப்படியே சேர்த்துவிடுகிறார்கள். நொன் தொக்காரே, தொடாதே. நொன் ஆப்ரீரே, திறக்காதே. அகராதியில் வினைகள் இருக்கும் வடிவமும் அதுவே. ஆக, செய்யாதே என்று அதட்டப்பட்ட ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒரு வினையின் மூல வடிவம் கிடைத்திருக்கிறது. அப்படிக் கிடைத்தவற்றை நான் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு.

இனி என்னுடைய தவற்றுக்கு வருகின்றேன். அகராதியோடு ஒப்பிட்டுப் படித்தபோது கொப்பியில் நிறையப் பிழைகள் இருப்பதாக எனக்குப்பட்டது. உதவி ஆசிரியராகத் தொழிலைத் தொடங்கியவனின் கை சும்மா இருக்குமா? பென்சிலால் திருத்தத் தொடங்கினேன். தட்டுக்குப் 'பியாத்து' என்று எழுதியிருந்தாள், அகராதியில் 'பியாத்தோ'. கட்டிலுக்கு 'லெத்து', அகராதியில் 'லெத்தோ'. கத்திக்குக் 'குத்தெட்டு' என்று இருந்தது. அகராதியில் இருப்பதோ 'கொல்த்தெல்லோ'. இது என்ன காதோ என்று நினைத்தேன்.

பின்னர் ஒன்று உறுத்தியது. இத்தாலிய மொழியின் தகரமும் தமிழின் தகரமும் ஒரே இடத்தில் பிறப்பவை. நாக்கின் நுனி பல்லைத் தொடும். ஆகவே கொப்பி முழுவதும் அவள் தகரத்தையே பயன்படுத்தியிருந்தாள். ஒரு சில சொற்களில் மட்டும் டகரம் வந்தது. குத்தெட்டு, பெட்டா என்று. அழகானவளுக்கு இத்தாலியில் 'பெல்லா' என்பார்கள். எங்கெல்லாம் அகராதியில் இரட்டை லகரம் இருந்ததோ, அவற்றில் சிலவற்றிலே அவள் டகரம் போட்டிருந்தாள். பிழை விடுகிறவர் இவ்வளவு ஒழுங்காகப் பிழை விடுவதில்லை.

தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சிஞ்ஞோரா பேசியது இத்தாலியம் அன்று, சிசிலிய மொழி. அதில் ஓகாரத்தில் முடியும் சொற்கள் உகரத்தில் முடியும். இத்தாலியத்தின் இரட்டை லகரம் பல சொற்களில் நாமடியால் பிறக்கும் டகரமாகிவிடும். நாக்கை மடித்து அண்ணத்தில் தொடும் அந்த ஒலியை எழுத ஐரோப்பிய எழுத்தில் தனி எழுத்துக் கிடையாது. மொழியியலாளர்கள் புள்ளி வைத்துக் காட்டுகிறார்கள். தமிழில் அதற்கு எழுத்து இருக்கிறது. என் தங்கை அதைச் சரியாகக் கேட்டு, சரியான எழுத்தால் எழுதியிருந்தாள். நான் பென்சில் குறிகளை ஒவ்வொன்றாக அழித்தேன். சில இடங்களில் தாள் கிழிந்துவிட்டது.

இதைச் சொன்னபோது அவள் வியப்படையவில்லை. "ஓம், வகுப்பிலை ரீச்சர் சிரிச்சவ. அப்பதான் எனக்கும் தெரிஞ்சது நான் கதைக்கிறது கிழவியின்ரை பாசை எண்டு."

வகுப்புக்கு அவள் போனது 2011இல். நீண்டகால வதிவிட அனுமதி கோருவோர் மொழிப் பரீட்சை ஒன்றில் சித்தியடைய வேண்டும் என்ற விதி 2010 டிசெம்பரில் இத்தாலியில் நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு வருடங்கள் அந்த மொழியில் வாழ்ந்தவளுக்கு அப்போதும் கட்டளையிடத்தான் தெரிந்தது. அதற்கு முன்னர் ஓர் அரச அலுவலகத்தில், பத்திரத்தைக் கொடுத்து "ப்ரெந்தி, லெஜ்ஜி" என்றிருக்கின்றாள். இந்தா பிடி, வாசி. அலுவலர் முகம் சிவந்து அவளுடைய கோப்பைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார். அந்த அலுவலர் அவளைத் 'தூ' என்று விளித்ததை எவரும் தவறாகக் கொள்ளவில்லை.

தொண்டர்கள் நடத்திய அந்த மாலை வகுப்பில்தான் 'நான்' வந்தது. கொப்பியின் ஐம்பத்தெட்டாம் பக்கம்: "சோனோ ஸ்தாங்க்கா - நான் களைச்சுப்போனன்." தன்மையில் அமைந்த முதல் வாக்கியம் அதுதான். அதை நான் மனனம் செய்து, ஒருநாள் துணி முழுவதையும் பிழிந்து காயப்போட்ட பின்னர் அவளிடம் தொலைபேசியில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "என்ன அண்ணை, பொம்பிளையாய்க் கதைக்கிறியள்!" தமிழில் 'நான் வந்தேன்' என்பதில் ஆண் பெண் தெரியாது. இத்தாலியத்தில் களைத்தவன் 'ஸ்தாங்க்கோ', களைத்தவள் 'ஸ்தாங்க்கா'. அந்தக் கொப்பியில் இருக்கும் எல்லாத் தன்மை வாக்கியங்களும் பெண்ணுடையவை. அதிலிருந்து கற்றவனுக்கு வேறு எப்படிப் பேச வரும்?

அடுத்து இறந்தகாலம். 'ஓ லாவாத்தோ', நான் கழுவினேன். 'ஓ ஸ்திராத்தோ', நான் அயன் பண்ணினேன். அதன் பிறகு வேறு வகையான சொற்கள் வருகின்றன. ஃபேரியே, சம்பளத்துடன் கூடிய விடுமுறை. த்ரேதிச்சேசிமா, ஆண்டிறுதியில் கொடுபட வேண்டிய பதின்மூன்றாம் மாதச் சம்பளம். கொந்த்ரிபூத்தி, ஓய்வூதியத்துக்கென வேலைகொடுப்பவர் செலுத்த வேண்டிய பங்களிப்பு. வீட்டுப் பணியாளருக்கென இத்தாலியில் தேசியத் தொழில் ஒப்பந்தம் 1974 முதலே இருக்கிறது. பன்னிரண்டு வருடங்கள் அவளுடைய காதில் இவற்றில் ஒரு சொல்லும் விழுந்திருக்கவில்லை. வகுப்பில் ஆசிரியை கொண்டுவந்து காட்டிய மாதிரிச் சம்பளப் பத்திரத்தைத் தன்னுடையதோடு ஒப்பிட்டபோதுதான், கிழமைக்கு நாற்பது மணித்தியாலங்கள் செய்த வேலை பத்து மணித்தியாலங்கள் என்று பதிவாகியிருப்பது தெரிந்தது.

அவள் இரண்டு கிழமைகள் ஒரு வாக்கியத்தைப் பயிற்சி செய்தாள். "ஓ லவொராத்தோ க்வரந்தா ஓரே." நான் நாற்பது மணித்தியாலங்கள் வேலை செய்தேன். கணக்குவழக்குகளைக் கவனித்து வந்த மகளிடம் அதைச் சொன்னாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாராம். அடுத்த மாதத்திலிருந்து பதிவு சரியாயிற்று. முந்தைய வருடங்களுக்கு எதுவும் நடக்கவில்லை. "வழக்குப் போட்டிருக்கலாமே" என்று கேட்டேன். "கிழவியை விட்டிட்டு எங்கை போறது? அவவும் என்னை விட்டிட்டு எங்கை போறது?" என்றாள். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. இன்றும் ஏற்கவில்லை. அந்த வருடங்களின் ஓய்வூதியம் அவளுக்குக் கிடைக்கப்போவதில்லை என்பதே உண்மை. சிஞ்ஞோராவுக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று அவள் நம்புகிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆயினும் போத்தல்களை அடுக்கி வைத்து இரண்டு மணித்தியாலங்கள் வாசித்துக் காட்டியதும் அதே பெண்மணிதான்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு சொல். "வொஸ்ஸீயா." எதிரே கேள்விக்குறி. திகதி 2016 புரட்டாதி.

அக்காலத்தில் சிஞ்ஞோராவுக்கு நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. பலேர்மோவின் காவற்புனிதை சாந்தா ரொசாலியாவின் திருநாள் செப்ரெம்பர் 4ஆம் திகதி. அதற்கு முதல்நாள் இரவு, 600 மீற்றர் உயரமான பெல்லெக்ரீனோ மலைக்குப் பக்தர்கள் நடந்து ஏறுவார்கள். 1624இல் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. எங்கள் தமிழர்கள், சைவர்கள் உட்பட, வெறுங்காலோடு ஏறுகிறார்கள். என் தங்கையும் ஏறுவாள். அவ்வருடம் ஏறிவிட்டு நேரே வேலைக்குப் போய்ச் சிஞ்ஞோராவின் கையில் பிரசாதமாக ஒரு சிறு படத்தைக் கொடுத்தபோது, அவர் இவளுடைய முகத்தைப் பார்த்து, "வொஸ்ஸீயா" என்று சொல்லி ஏதோ கேட்டிருக்கின்றார். பதினேழு வருடங்களாகத் 'தூ' என்று அழைத்தவர். அன்றிலிருந்து மறு ஆண்டு இறக்கும்வரையில் அப்படியே அழைத்தாராம்.

நான் தேடிப் பார்த்தேன். சிசிலியில் பழைய தலைமுறையினர் பெற்றோரை விளிக்கும் மரியாதைச் சொல் அது. 'தங்கள் சமூகம்' என்பது போன்ற ஒரு தொடர் தேய்ந்து அவ்வாறு ஆகியிருக்கிறது. பிள்ளைகள் தாயையும் தந்தையையும் அப்படித்தான் அழைப்பார்களாம். ஒரு பெரிய கண்டுபிடிப்பை அறிவிப்பவன்போல அன்றிரவு தங்கையை அழைத்துச் சொன்னேன். உன்னைத் தன்னுடைய தாய் என்று நினைத்திருக்கிறார் என்றேன்.

"தெரியும் அண்ணை" என்றாள். "அந்தக் கேள்விக்குறி போட்டு ரெண்டு நாளிலை மகளைக் கேட்டுத் தெரிஞ்சுகொண்டன். பேந்து எழுதேல்லை."

"நீ அவரை என்னவென்று அழைத்தாய்?"

"தூ எண்டுதான். முதல்லை வாய் வரேல்லை. பேந்து சொன்னன். தூ, மாஞ்சா. தூ, தோர்மி. பிள்ளைக்குச் சொல்லுறமாதிரி."

சாப்பிடு. தூங்கு. இரண்டும் கொப்பியில் முதற்பக்கத்திலேயே இல்லாத ஏவல்கள். அவளுக்கு எவரும் அவற்றைச் சொல்லியிருக்கவில்லை. எங்கே கற்றாய் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவள், "சரி, சோற்றை இறக்கினியளோ? அடிப்பிடிக்கப்போகுது" என்றாள்.